கோணல் மூக்குக்காரன்

புதுச்சத்திரம்,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மருமகள் சத்யபிரியாவுக்கு,

அத்தை கண்ணாத்தாள் எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் பண்ணைக் கோழிகளும் நலம். மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்தபாடில்லை. ஆனாலும் கொட்டகையை ஒரு சுற்று சுற்றி வராமல் காப்பியில் வாய் வைக்க மாட்டேன் என்கிறார். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது, கூரைக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்துவிட்டோம். பூனாவில் நீயும் யாழினியும் சுகமா? குழந்தைக்கு முன்பல் முளைத்துவிட்டதா? விழுந்த பல்லை எங்கே போட்டாள் என்று கேட்டு வை.

இதற்குள் அந்த வீடியோ உனக்கு வந்திருக்கும். குணா சிலை திறப்பு விழாவில் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்துவதை எவனோ ஒரு புண்ணியவான் போனில் பிடித்து ஊர் உலகமெல்லாம் அனுப்பிவிட்டான். அதில் என் கொண்டை அவிழ்ந்து கிடக்கிறது. நான் கத்துவது இருக்கிறது, ஏன் கத்தினேன் என்பது இல்லை. மகன் போன துக்கத்தில் கண்ணாத்தாளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நம் பங்காளிகள் சொல்லித் திரிகிறார்களாம். என் புத்திக்கு ஒன்றும் இல்லை. முன்னும் பின்னும் நடந்ததை நானே உனக்குச் சொல்லிவிட வேண்டும். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் குரலை உயர்த்துவேன், மாமா டிவி சத்தத்தைக் கூட்டுவார். போன மாதம் அப்படித்தானே ஆனது. அதனால்தான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். நீயும் நிதானமாக உட்கார்ந்து படி.

போன மாதம் போனை வைக்கும் முன் நீ என்ன சொன்னாய்? தனசேகரைக் கட்டிக்கொள்கிற பேச்சை இத்தோடு விட்டுவிடலாம் அத்தை, என்னால் உங்களுக்குத் தலைகுனிவு வேண்டாம் என்றாய். நீ விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

உன் விஷயம் எடப்பாடியில் உன் அப்பா வீட்டு வழியாகக் கசிந்து பெரியமாமா சின்னண்ணன் காதுக்குப் போய்விட்டது. பொங்கல் கழிந்த வாரம் பங்காளிகள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாமாவுக்குப் பெரியப்பா மகன், நம் வகையறாவின் அருமைக்காரர். நம் வீட்டுக் கல்யாணச் சீரெல்லாம் அவர் கைபட்டுத்தான் நடக்கும், உன் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. வந்தவர் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். "மேஜர் பொண்டாட்டின்னு நாடே கும்புடுது. அவ போயி இன்னொருத்தனுக்குக் கழுத்த நீட்டுனா நம்ம வகையறாவுக்கு என்ன மருவாதி இருக்குது? அதும் நம்ம சனங்கூட இல்லையாமா" என்றார்.

அவர்கள் தீர்மானமே பண்ணிக்கொண்டு வந்திருந்தார்கள். ஊருக்குப் பிரிகிற ரோட்டு முனையில் குணாவுக்குச் சிலை வைப்பார்களாம். நீ வந்து மேடையில் உட்கார வேண்டுமாம், தனசேகர் பேச்சை அன்றோடு விட்டுவிட வேண்டுமாம். இஷ்டமில்லை என்றால் பதக்கத்தை ஊரில் கொடுத்துவிட்டு, குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டு, எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாமாம். நான் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்து வைத்தேன். குடித்து டம்ளரைக் கீழே வைக்கிற வரை காத்திருந்தேன். பிறகு, "பதக்கம் டெல்லியில அவ கையில குடுத்தது. கொழந்த அவ வயித்துல பொறந்தது. இதுல ஊருக்கு என்னங்க பங்கு?" என்று கேட்டேன். உன் மாமா சுவர் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் தாள் போதாது.

நீ வரவில்லை. அது நல்லதாகப் போயிற்று. துணியை இழுத்துச் சிலையைத் திறக்க என்னைக் கூப்பிட்டார்கள். முன்னாடியே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றதற்கு, தெறக்கறப்பப் பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சத்யா, குணாவின் மூக்கு உடைந்த கதையை அவன் உனக்கு எப்படிச் சொன்னானோ எனக்குத் தெரியாது. எனக்குச் சொன்னது மாடு முட்டியது என்று. மெட்ராஸ் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, மூக்கில் பிளாஸ்திரியோடு பொங்கலுக்கு வந்து நிற்கிறான். ஹாஸ்டல் வாசலில் ஏதடா மாடு என்று கேட்டால், அங்கேயும் பால் குடிக்கிறார்கள் அம்மா என்றான். வாய்க்கு மட்டும் பஞ்சமே கிடையாது அவனுக்கு. அவன் தங்கை நித்யஸ்ரீதான் அவன் பெட்டியைக் குடைந்து ஒரு போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். சேற்றில் புரண்ட பதினைந்து தடியன்கள், நடுவில் இவன், கையில் முட்டை மாதிரி ஒரு பந்து. ரக்பியாம். உன் மாமா பார்த்துவிட்டு, "நம்ம பண்ணையில இல்லாத முட்டையா, அங்க போயித் தொரத்தறான்" என்று போட்டோவைத் தூக்கி என் மடியில் போட்டார்.

போட்டாரே தவிர அவருக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த மாசமே, தீவனக் கம்பெனியில் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு மெட்ராஸுக்கு பஸ் ஏறினார். பையனைக் கூட்டி வந்து பண்ணையில் போட்டுவிட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். நேராக மைதானத்துக்குப் போயிருக்கிறார். அந்த நேரம் பார்த்து இவன் பந்தோடு ஓட, மூன்று பேர் பாய்ந்து இவன் மேல் விழுந்திருக்கிறார்கள். மகனைப் போட்டு மிதிக்கிறார்கள் என்று நினைத்து இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். விசில் ஊதுகிறார்கள், யாரைக் கேட்கிறார் இவர்? கடைசியில் ஒரு பையன் இவரை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு வந்து கோட்டுக்கு வெளியே இறக்கினானாம். குணா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். மாமாவுக்கு முன்னால் சொன்னால் மட்டும் அவர் எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவார். ஆனால் அன்றைக்குப் பையனைக் கூட்டி வராமல் தனியாகத்தான் திரும்பினார். ஏன் என்றதற்கு, "நல்லா ஓடறான்" என்றார், அவ்வளவுதான்.

அந்த மூக்கு அப்புறம் நேராகவே இல்லை. பட்டாளத்தில் சேர்ந்து, அங்கேயும் ரக்பி ஆடி, இன்னும் கொஞ்சம் கோணிக்கொண்டது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு நீ உள்ளே போய் உன் அம்மாவிடம், மாப்பிள்ளைக்கு மூக்கு ஏன் தெற்குப் பக்கம் போகிறது என்று கேட்டாயாம். உன் அம்மா கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் சொன்னார். எனக்கு அப்போதே உன்னைப் பிடித்துவிட்டது.

விழா விஷயத்துக்கு வருகிறேன். பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி, எல்லாம் தடபுடல். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு கர்னல் வந்து, பதக்கத்தோடு கொடுத்த பாராட்டுரையைத் தமிழில் வாசித்தார். காயம்பட்ட ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டு, இன்னொருவனுக்காக மறுபடியும் பனிக்குள் போனவன் திரும்பவில்லை என்று வாசித்தார். நல்ல மனிதர். ஆனால் தன் உயிரைப் பொருட்படுத்தாமல் என்று ஒரு வரி வந்தது பார், அங்கேயே எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பொருட்படுத்தாமல் இருப்பானா? யாழினிக்கு அப்போது மூன்று வயது. முந்தின நாள் போனில் அவளுக்குக் கொலுசு வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னவன் அவன். எல்லாவற்றையும் பொருட்படுத்தித்தான் போனான். உயிர் மேல் ஆசை இல்லாதவன் போவதில் என்ன இருக்கிறது?

துணியை இழுத்தேன். உள்ளே யாரோ நின்றான்.

மூக்கு நேராக, அளவெடுத்து வைத்த மாதிரி இருந்தது. அதற்குக் கீழே வீச்சரிவாள் மாதிரி ஒரு மீசை. பிறகுதான் விசாரித்தேன். ராணுவத்தில் எடுத்த போட்டோவை எல்லாம் விட்டுவிட்டு, பிளஸ் டூ ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த போட்டோவைச் சிற்பியிடம் கொடுத்திருக்கிறார்கள். மூஞ்சி லட்சணமாக இருப்பது அதில்தானாம். கோணல் மூக்கோடு ஒரு வீரனை ரோட்டில் எப்படி நிறுத்துவது என்று சின்னண்ணனே முடிவு செய்தாராம். ரக்பிப் பந்தையே தொட்டிருக்காத ஒரு பிளஸ் டூ பையனுக்கு மீசை ஒட்டித் தொப்பி போட்டு, அதுதான் மேஜர் குணசீலன் என்று கைதட்டச் சொல்கிறார்கள்.

அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டு இறங்கியிருப்பேன் சாமி. ஆனால் அதற்குள் சின்னண்ணன் மைக்கை வாங்கி, நம் குலமருமகள் சத்யபிரியா தன் வாழ்நாள் முழுவதையும் இந்த வீரனின் நினைவுக்கே அர்ப்பணித்துவிட்டாள் என்று அறிவித்தார். உன்னைக் கேட்காமல், என்னைக் கேட்காமல். ஜனங்கள் கைதட்டினார்கள். நான் மைக்கைப் பிடுங்கினேன். வீடியோ அங்கே இருந்துதான் ஆரம்பிக்கிறது.

காற்றில் பாதி சரியாகக் கேட்டிருக்காது, அதனால் நான் பேசியதை எழுதுகிறேன். "இது என்ற பையன் இல்லீங்க. என்ற பையன் மூக்கு கோணல். ரக்பி ஆடி ஒடச்சுக்கிட்டது. அந்த மூக்கோடதான் பட்டாளத்துல சேந்தான், அந்த மூக்கோடதான் சத்யாவக் கட்டுனான், அந்த மூக்கோடதான் செத்தான். உங்க இஷ்டத்துக்கு நேராக்கறதுக்கு அவன் என்ன காட்டு வரப்பா? செத்தவனையே இந்தப் பாடு படுத்தறீங்க, உசுரோட இருக்கறவள உடுவீங்களா? சத்யாவுக்கு வைகாசியில கல்யாணம். எங்க செலவுல, எங்க பண்ணையில. என்ற மவ நித்யஸ்ரீ கூடப்பொறந்தவளா நின்னு மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்வா. குணா கல்யாணத்துல சாப்பிட்ட அத்தன பேரும் வந்து சாப்புட்டுப் போங்க" என்றேன். இதைத்தான் பைத்தியம் என்கிறார்கள்.

ஒரே கூச்சல். சின்னண்ணன் முன்வரிசையில் இருந்த உன் மாமாவைப் பார்த்து, "அப்புசாமி, நீயாச்சும் உன்ற பொண்டாட்டிக்குச் சொல்லு" என்றார். மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் ஒரு கூட்டத்தில் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை. "மூக்கு அது இல்லீங்கண்ணா" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், கை கழுவுவார், போய்விடுவார். நேற்றுக் காலையில் முட்டை அடுக்கிக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னார். "அன்னிக்கு மைதானத்துல என்னத் தூக்கிட்டு வந்தவன் தனசேகருதான். அவன் முதுகுல அத்தன குத்து குத்துனேன். எறக்கி உட்டுட்டு, அப்பா தண்ணி குடிக்கறீங்களான்னு கேட்டான்." இத்தனை வருஷமாக இதை எனக்குச் சொல்லவே இல்லை பார், அழுத்தக்காரர். நான் தட்டைக் கீழே வைத்தேன். அப்புறம், வைகாசியில் சமையலுக்கு யாரைச் சொல்லலாம் என்று கேட்டார். உன் மாமா சம்மதம் சொல்லிவிட்டார் என்று இதற்குத்தான் அர்த்தம், வேறு மாதிரி அவருக்குச் சொல்ல வராது.

தனசேகர் இங்கே வந்து போனதை உன்னிடம் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான். பொங்கலுக்கு ஆத்தூரில் அவன் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு, பூனா திரும்பும் வழியில் பண்ணைக்கு வந்தான். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கைகட்டி நின்றான். ரக்பியில் கீழே விழுகிறவன் பின்னால் வருகிறவனிடம் பந்தைக் கொடுத்துவிட்டுத்தான் விழுவான், குணா அப்படிக் கொடுத்துவிட்டுப் போனதாக நினைத்துக்கொள்கிறேன் அம்மா என்றான். எனக்கு வந்ததே கோபம். "என்ற மருமவ பந்து இல்ல தம்பி. குணா யாருக்கும் குடுத்துட்டுப் போகல. உனக்கு அவளப் புடிச்சிருக்குது, அவளுக்கு உன்னப் புடிச்சிருக்குது. அதச் சொல்றதுக்கு எதுக்கு இத்தன ஜோடனை?" என்றேன். காது வரைக்கும் சிவந்துபோனான். பிறகு, ஆமாம்மா, பிடித்திருக்கிறது என்று நேராகச் சொன்னான். அந்தப் பதில் எனக்குப் போதும். இரண்டு தட்டு இட்லி வைத்தேன், இன்னும் வேண்டும் என்றான்.

இணைச்சீர் பற்றி நீ கவலைப்படுவாய் என்று தெரியும். நித்யஸ்ரீதான் முதலில் ஆரம்பித்தாள். மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்த பெண் இருந்தால்தானே இணைச்சீர், அவனுக்கு அக்கா தங்கை யாருமில்லையே, நான் செய்கிறேன் என்றாள். அவர்கள் பக்கம் இந்தச் சீரே கிடையாது. தனசேகர் அம்மா அங்காளம்மாளிடம் போனில் கேட்டேன். "எங்களுக்கு அந்த வழக்கம் இல்லைங்கக்கா. ஆனா என் பிள்ளைக்கு ஒரு தங்கச்சி கிடைச்சா வேணாம்னா சொல்லப் போறேன்" என்றார். நித்யாவின் வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார். அவரிடமும் கேட்டுவிட்டாள். போர் போடுகிற சத்தத்தில், "நீ செய்யறதச் செய், சீலை மட்டும் நல்லதா எடு" என்று கத்தினாராம்.

உன் கல்யாணத்தில் குணா செய்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது உள்ளே இருந்தாய், பார்த்திருக்க மாட்டாய். கூறைச்சேலையின் ஒரு முனையை அவன் கக்கத்தில் சொருகி, மறுமுனையை நித்யா கையில் கொடுத்தார் சின்னண்ணன். உடனே இவன் சேலையை ரக்பிப் பந்து மாதிரி இறுக்கிக்கொண்டு, ஓடப்போகிறவன் போலக் குனிந்தான். நித்யா பயந்துபோய் இழுத்துப் பிடித்தாள். மண்டபமே சிரித்தது. சின்னண்ணன் கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் திட்டினார். அந்த மனிதர்தான் இப்போது, வேற சனத்துப் பையனுக்கு இணைச்சீரா, என்ற கை படாது என்கிறார். படவேண்டாம். எத்தனை கல்யாணத்தில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், நானே செய்துவைக்கிறேன். சாமி கண்ணைக் குத்தினால் என் கண்ணைக் குத்தட்டும்.

குலதெய்வம் கோயில் பொங்கலுக்கு இனி நமக்குச் சொல்லிவிட மாட்டார்களாம். அம்மனுக்கு நம் வீட்டுக்கு வழி தெரியும். சிலை விஷயத்தில் மட்டும் கர்னல் என் பக்கம். மூக்கைத் திருத்தாவிட்டால் பட்டாளத்துப் பெயரை அதில் போடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மீசையும் போக வேண்டும் என்று நான் நிற்கிறேன். எடப்பாடியில் இருந்து உன் அப்பா பேசினார். பயந்த சுபாவம், பாவம். நீங்க முன்ன நின்னா நாங்க பின்னால வாரோமுங்க சம்மந்தி என்றார். நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் வைகாசி என்று மைக்கில் சொல்லிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. தனசேகர் வேண்டாம் என்று உன் மனசு சொன்னால் வேண்டாம்தான். பந்தலைப் பிரித்துவிடலாம், ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் ஊருக்குப் பயந்து, எனக்குப் பயந்து, ரோட்டில் நிற்கிற ஒரு கல்லுக்குப் பயந்து வேண்டாம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பத்தோரு வயதில் உன்னைப் பீடத்தில் ஏற்றி மாலை போட நான் விடமாட்டேன்.

எனக்கு வலிக்கவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே சத்யா. என் மகன் நின்ற இடத்தில் இன்னொருவன் நிற்பதைப் பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்யும். அவன் நல்லவனாக இருந்தாலும் எரியும். யாழினி அவனை அப்பா என்று கூப்பிடுகிற அன்றைக்கு இன்னும் எரியும். கூப்பிடட்டும், தடுக்காதே. கல்யாணத்தன்று நான் பந்தலில் இல்லை என்றால் கொட்டகைப் பக்கம் போயிருக்கிறேன் என்று அர்த்தம். தேடிக்கொண்டு வராதே. முகம் கழுவிக்கொண்டு நானே வந்து பந்தியில் நிற்பேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய். அழாமல், சரி அத்தை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வைத்துவிடலாம்.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருங்கள். சண்டை போடுங்கள், சிரியுங்கள், முடி நரைத்து, பல் போய், கோல் ஊன்றுகிற வரைக்கும் இருங்கள். என் பையன் வாழாமல் விட்டுப்போன வயசு நிறைய மிச்சம் கிடக்கிறது. அதையும் சேர்த்து நீங்களே வாழ்ந்துவிடுங்கள் சாமி.

என்றும் உன் அத்தை,
(அதை மாற்ற எந்தப் பங்காளிக்கும் அதிகாரம் கிடையாது)
அ. கண்ணாத்தாள்